அம்மா சுத்த சைவம், போக ஆசைப்படுவது ஜப்பானியக் கடை: யாரிடம், எப்போது, என்ன கேட்பது?

சகோதரி கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செகாம்புட்டில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஜப்பானிய உணவகம். கணவரும் பிள்ளைகளும் அங்கே வாடிக்கை. தைப்பிங்கிலிருந்து அம்மா வருகிறார், அவர் பிறந்தநாளுக்கு எல்லாரையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போக ஆசை. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். மாமனார் மற்றதெல்லாம் சாப்பிடுவார், மாடு மட்டும் ஆகாது. சகோதரிக்கு இப்போது ஐந்தாம் மாதம். "மெனுவில் தோஃபு, காய்கறி டெம்புரா, மீசோ சூப் எல்லாம் இருக்கிறது, சமாளித்துவிடலாம்தானே? துருவித் துருவிக் கேட்டால் கடைக்காரர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ?" என்று முடித்திருக்கிறார்.

எனக்கென்னவோ கேள்வியின் உயிர் அந்தக் கடைசி வரியில்தான் இருப்பதாகப் படுகிறது. பிடித்த கடை, பழகிய முகங்கள். அங்கே போய் "இதில் மீன் இருக்கா, அதில் முட்டை இருக்கா" என்று நோண்டக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் பலர் மெனுவைப் பார்த்துத் தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஜப்பானியக் கடையில் அது மட்டும் நடக்காது; எது சைவம் என்பதை மெனுவைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. நான் கோலாலம்பூரில் ஜப்பானியச் சமையலறைகளில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, டெம்புரா சட்டி, சூப் அடுப்பு, சுஷி மேசை என்று வருடக் கணக்கில் நின்றவன். கைப்பழக்கத்தில் தெரிந்ததை உறுதியாகவே சொல்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் கடையின் சமையலறைக்குள் நான் போனதில்லை. கடைக்குக் கடை மாறுகிற விஷயங்களில் "கேளுங்கள்" என்றுதான் சொல்ல முடியும். மருத்துவனும் இல்லை, ஐந்தாம் மாதத்தைப் பற்றிச் சமையல்காரன் அளவில்தான் பேசுவேன்.

மெனுவில் எங்கேயும் எழுதியிராத, ஆனால் பாதி மெனுவில் கலந்திருக்கிற பொருள் ஒன்று உண்டு. டாஷி என்கிற சாறு. சமையலறை திறந்ததும் முதல் வேலையே அதுதான். கொன்பு என்ற தடித்த கடற்பாசிப் பட்டையை ஈரத்துணியால் லேசாகத் துடைத்துக் குளிர்ந்த நீரில் ஊறப் போடுவோம். கழுவக் கூடாது, மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடியிலும் ருசி இருக்கிறது. பிறகு சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றி, பானையின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி கிளம்பும்போதே பட்டையை எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் வழவழப்பும் ஒரு கசப்பும் இறங்கிவிடும். அப்புறம் தண்ணீரைக் கொதிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, அடுப்பை அணைத்து, கட்சுவோபுஷி என்கிற மீன் சீவலை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டால், கொஞ்ச நேரம் மேலே மிதந்து, நனைந்து, அடியில் போய் அமரும். துணியில் வடிகட்டுவோம், பிழியமாட்டோம், பிழிந்தால் கலங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொன்பு, 20 முதல் 30 கிராம் சீவல் என்பது பொதுவான அளவு. கிடைப்பது வெளிர் பொன்னிறத்தில் கண்ணாடி மாதிரித் தெளிந்த நீர். பார்த்து யாரும் மீன் சாறு என்று சொல்லமாட்டார்கள்.

கட்சுவோபுஷி என்றால் வேறொன்றும் இல்லை, சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டையாக இறுகும்வரை காயவைத்தது. நம் பாட்டிமார் சம்பலுக்கு இடித்துப் போட்ட மாசிக் கருவாடும் கிட்டத்தட்ட இதே மீனை இதே மாதிரி வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்ததுதான். உயர்ந்த ரகத்தில் ஜப்பானியர் அதன்மேல் ஒரு வகைப் பூஞ்சையைப் படரவிட்டு மறுபடி மறுபடி காயவைப்பார்கள், பிறகு மெல்லியதாகச் சீவுவார்கள். சில கடைகளில் சீவலோடு, அல்லது சீவலுக்குப் பதிலாக, காய்ந்த சிறு மீன் போட்டுச் சாறு எடுப்பார்கள். நம் ஊரில் நெத்திலி போட்டு சூப் வைக்கிற கதைதான். எதுவானாலும் அம்மாவுக்கு ஆகாது.

இந்தச் சாறு எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். மீசோ சூப் என்றால் டாஷியில் மீசோ என்கிற சோயா விழுதைக் கரைத்ததுதான். மிதக்கும் தோஃபுவும் பச்சை இலையும் பார்க்கச் சைவமாக இருக்கும், அவ்வளவே. பொரித்த தோஃபுவைச் சாற்றில் வைத்துத் தருகிற அகெடாஷி தோஃபுவின் சாறும் அதுவே, மேலே போதாதென்று மீன் சீவலும் தூவியிருக்கும். உடோன் என்கிற தடித்த கோதுமை நூலின் குழம்பு, சோபா என்கிற மெல்லிய நூலைத் தொட்டுச் சாப்பிடும் கறுப்புச் சாறு, டெம்புராவுக்கு வைக்கும் தொட்டுக்கொள்ளும் சாறு, எல்லாவற்றிலும் டாஷி உண்டு. இனாரி என்று ஒரு சுஷி உண்டு, இனிப்பான தோஃபுப் பைக்குள் சோறு வைத்தது. சைவர்கள் எல்லாரும் நம்பிக் கேட்பது அதைத்தான். அந்தப் பையைப் பெரும்பாலும் டாஷி, சோயா, சர்க்கரை சேர்த்த சாற்றில்தான் வேகவைப்பார்கள். கீரையை வேகவைத்து எள் போட்டுத் தரும் சின்னக் கிண்ணத்தில்கூட இரண்டு கரண்டி இருக்கலாம். முட்டை சாப்பிடாதவர் என்பதால் ஆவியில் வேகவைத்த முட்டைக் கிண்ணத்தைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

சாறு எடுக்க நேரமில்லாத கடைகளில் டாஷிப் பொடி போடுவார்கள். அதிலும் மீன்தான். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி. கொன்புச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று 1908-ல் கண்டுபிடித்தவர் தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் இக்கேதா கிக்குனாயே. அடுத்த வருடமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்த வெள்ளைப் பரல் உப்பைக் கரும்பு, மரவள்ளி போன்றவற்றை நொதிக்கவைத்து எடுக்கிறார்கள்; அதில் மீன் இல்லை. அதே நிறுவனம் விற்கும் ஹோன்-டாஷி என்கிற பொடியில் மீன் இருக்கிறது. சமையல்காரர் "வெறும் அஜினோமோட்டோதான்" என்று சொன்னால் எந்தப் பாக்கெட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீசோவிலும் இதே கதை உண்டு. வெறும் மீசோ என்பது சோயாவும் அரிசியோ பார்லியோ உப்பும் சேர்த்து நொதிக்கவைத்தது, சைவம். டாஷி கலந்தே டப்பாவில் வருகிற மீசோவும் கடைகளில் விற்கிறது. எந்த டப்பாவை அந்தக் கடை வாங்குகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

"ஜப்பான் புத்த நாடாயிற்றே, சைவம் இல்லாமலா இருக்கும்?" என்று சிலர் கேட்பார்கள். பாதி சரி. 675-ஆம் ஆண்டிலேயே தென்மு என்ற பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இவற்றைத் தின்னத் தடை போட்டார். மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டதை ஊரறியச் சொன்னது 1872-ல். இடையில் அத்தனை நூற்றாண்டு கால்நடை இறைச்சி பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தது. ஆனால் மீனுக்கு அந்தத் தடையில் இடமில்லை, மீன் ஓடிக்கொண்டே இருந்தது. சுத்த சைவம் கோயில் சமையலில் தங்கிவிட்டது. ஷோஜின் ரியோரி என்கிற அந்தச் சமையலில் மீன் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. அங்கே சாறு எடுப்பது கொன்புவிலும் காய்ந்த ஷீட்டாக்கே காளானிலும். உங்கள் அம்மாவுக்கான வழி இந்தக் கோயில் சமையலில்தான் இருக்கிறது. முறையாகப் படித்த ஜப்பானியச் சமையல்காரர் எவருக்கும் அது தெரிந்திருக்கும். இரண்டையும் குளிர்ந்த நீரில் போட்டு இரவெல்லாம் குளிர்பெட்டியில் வைத்தால் போதும், மறுநாள் நல்ல சாறு தயார். வேலையே இல்லை, நேரம்தான் வேண்டும். வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் எவ்வளவு நல்ல மனுஷனாலும் அதைச் செய்துதர முடியாது. அதனால்தான் இந்தப் பதில் முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றி வருகிறேன்: முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

மாவில் தோய்த்துப் பொரிக்கிற டெம்புராவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், அம்மாவுக்கு அதுதான் நன்றாக அமையும். வெண்டைக்காய், பூசணி, சர்க்கரைவள்ளி, தாமரைத் தண்டு, கத்தரிக்காய் எல்லாம் நாக்குக்குப் பழகியவை. மாவில்தான் முட்டை இருக்கிறது. பழைய முறையில் முட்டையை ஐஸ் தண்ணீரில் அடித்து, அதில் மாவைத் தட்டி, கட்டி கட்டியாக இருக்கும்போதே நிறுத்திவிடுவோம். நன்றாகக் கலக்கினால் மாவு இழுவையாகி, பொரித்ததும் கனத்துப் போகும். முட்டை இல்லாமலும் அதே மொறுமொறுப்பு வரும். ஐஸ் தண்ணீர், கோதுமை மாவு, கொஞ்சம் சோளமாவு போதும். ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாகக் கரைக்க இரண்டு நிமிடம் ஆகாது. மாவைவிட எண்ணெய்தான் பெரிய சிக்கல். இறாலும் மீனும் பொரிகிற அதே சட்டியில்தான் உங்கள் வெண்டைக்காயும் விழும். அதற்குப் புது எண்ணெய் வேண்டும், அல்லது தனிச் சின்னச் சட்டி. எண்ணெய் மாற்றுவது கடைக்குக் கடை வேறு. ஆனால் மாலையில் கடை திறந்த உடனே போய், அம்மாவின் தட்டை முதலில் பொரிக்கச் சொல்லி, "எண்ணெய் புதுசா?" என்று கேட்டால் வாய்ப்பு அதிகம். கூட்டம் ஏறிய எட்டு மணிக்குத் தனிச் சட்டி கேட்டால் நானே முனகியிருப்பேன். தொட்டுக்கொள்ளச் சாறு வேண்டாம், உப்பும் எலுமிச்சையும் கேளுங்கள். பல கடைகளில் டெம்புராவுக்கு உப்பு வைப்பது சாதாரணம், யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள்.

கரி அடுப்பில் சுடுகிற கடையாக இருந்தால் காய்கறிக் குச்சிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். தாரே என்கிற இனிப்புச் சோயாக் குழம்பு ஒரு ஜாடியில் இருக்கும். சுட்ட கோழியை அதில் முக்கி எடுத்து மறுபடி சுடுவோம். குழம்பு குறையக் குறையப் புதிதாக ஊற்றிக்கொண்டே போவோமே தவிர ஜாடியைக் காலி செய்யமாட்டோம். அந்தக் கடையின் பெருமையே அந்தப் பழைய ஜாடிதான். அதில் முக்கிய மிளகாயும் காளானும் சைவமாக இருக்க வழியே இல்லை. உப்பு போட்டுச் சுடச் சொன்னாலும் கம்பி வலை ஒன்றுதான். அம்மாவுக்கு அந்தப் பக்கமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பதில் கத்தரிக்காயைப் பாதியாகப் பிளந்து பொரித்து, மேலே இனிப்பு மீசோ தடவித் தருவார்களே, அதைக் கேட்கலாம். ஆனால் சில சமையல்காரர்கள் அந்த மீசோவில் முட்டை மஞ்சள் கருவும் டாஷியும் சேர்ப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் மீசோ, சர்க்கரை, தண்ணீர் என்று ஒரு கரண்டி தனியாகக் கலக்கச் சொல்லலாம்.

நிச்சயமாகக் கவலையில்லாதவை கொஞ்சம் இருக்கின்றன. எடமாமே, அதாவது உப்பு போட்டு வேகவைத்த பச்சை சோயாக்காய். வெள்ளரிக்காய்ச் சுருள் சுஷி. வெண்ணெய்ப்பழச் சுருள், மயோனைஸ் இல்லாமல். ஜப்பானிய மயோனைஸில் முட்டை மஞ்சள் கரு தூக்கலாகவே இருக்கும். குளிர்ந்த தோஃபு, மேலே மீன் சீவல் தூவாமல். சொல்ல மறந்தால் பழக்க தோஷத்தில் கை தானாகத் தூவிவிடும், பிறகு சீவலை எடுத்துவிட்டுத் தருவார்கள், அது அம்மாவுக்கு ஆகாது. சுஷிச் சோற்றில் வினிகரும் சர்க்கரையும் உப்பும்தான், சிலர் கொன்பு ஒரு துண்டு போடுவார்கள். உடோன் நூல் வெறும் மாவும் உப்பும் தண்ணீரும், கொன்பு காளான் சாற்றில் போட்டால் வயிறும் நிறையும் மனசும் நிறையும். ராமென் நூலில் முட்டை இருக்கலாம். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் பெரும்பாலும் சைவம், ஆனால் மீன் சீவல் வாசனை ஏற்றிய ரகமும் உண்டு, பாக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இனிப்புக்கு சிவப்புப் பயறு வைத்த மோச்சி என்கிற அரிசி மாவு உருண்டை நல்லது. ஐஸ்கிரீமில் முட்டையும் புடிங்கில் ஜெலட்டினும் இருக்கலாம்.

மாமனார் விஷயம் இவ்வளவு சிக்கல் இல்லை, ஆனால் மாடு மறைந்திருக்கும் இடங்கள் சில உண்டு. ஜப்பானியக் கறிச் சோறு முதலாவது. அதன் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். கோழிக் கறி என்று மெனுவில் போட்டிருந்தாலும் குழம்பு அதே குழம்புதான். கொரோக்கே என்கிற பொரித்த உருளைக்கிழங்கு வடையில் கொத்திய மாட்டிறைச்சி கலப்பது வழக்கம். முட்டைப் போர்வை போட்ட சோற்றின் மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பு மாட்டெலும்புச் சாறாக இருக்கலாம். இரும்புத் தட்டில் கண்ணெதிரே சமைக்கிற இடமானால் பூண்டுச் சோற்றைக் கவனியுங்கள், பல இடங்களில் மாட்டுக் கொழுப்பை உருக்கித்தான் அதை வறுப்பார்கள், வாசமே அதில்தான். உப்பு போட்டுச் சுட்ட மீன், கோழிப் பொரியல், சுஷி என்று இருந்தால் மாமனாருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

"ஹலால் கடையாகப் பார்த்துப் போய்விட்டால் சுலபம்தானே" என்று சகோதரியின் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். ஜாக்கிம் என்கிற மலேசிய இஸ்லாமியத் துறையின் ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் பன்றி இருக்காது, மதுவும் இருக்காது. சாக்கே என்கிற அரிசி மதுவும், சுமார் 14 விழுக்காடு மது உள்ள மிரின் என்கிற இனிப்புச் சமையல் மதுவும் சமையலில் சேராது என்பதால், அம்மாவுக்கு மது வாடையே ஆகாது என்றால் அது ஒரு வசதிதான். "பன்றி இல்லை" என்று வாசலில் எழுதி ஒட்டியிருப்பது வேறு, சான்றிதழ் வேறு. அந்தக் கடைகளில் மிரின் இருக்கலாம். ஆனால் ஹலால் கடையில் மாடு தாராளமாக இருக்கும், மீன் சாறும் இருக்கும். உங்கள் வீட்டின் இரண்டு பெரிய கேள்விகளுக்கும் அந்தச் சான்றிதழில் பதில் இல்லை.

இனி உங்களைப் பற்றி. பச்சை மீனில் இரண்டு வகை ஆபத்து. ஒன்று அனிசாக்கிஸ் என்கிற புழு. மைனஸ் 20 பாகையில் முறையாக உறைய வைத்தால் அது செத்துவிடும். ஜப்பானிய அரசு 24 மணி நேரம் என்கிறது, அமெரிக்க விதி 7 நாள் என்கிறது. இன்னொன்று லிஸ்டீரியா போன்ற பாக்டீரியா. அது உறைந்தாலும் சாகாது, கர்ப்பிணிகளுக்கு அதனால்தான் மருத்துவர்கள் பச்சை மீனையும் புகைபோட்ட சால்மனையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். எவ்வளவு சுத்தமான கடை என்றாலும் இதில் சமையல்காரன் உறுதி தர முடியாது. பெரிய சூரை, வாள் மீன் வகைகளில் பாதரசம் கூடுதல், அவை வெந்திருந்தாலும் குறைவதில்லை. அதனால் சுட்ட சால்மன், சுட்ட கானாங்கெளுத்தி, சூடான உடோன், நன்றாக வெந்த ஆவி முட்டை என்று போங்கள். அரை வேக்காட்டு முட்டையும் பச்சை முட்டையில் தோய்த்துச் சாப்பிடும் சுக்கியாக்கி என்கிற இறைச்சிக் குழம்பும் இப்போதைக்கு வேண்டாம். மற்றதை உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கேட்கும் பச்சை சால்மனுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. ஜப்பானியர் பாரம்பரியமாக சால்மனைப் பச்சையாகச் சாப்பிட்டவர்கள் அல்லர், புழு பயம்தான் காரணம். 1980-களில் நார்வேக்காரர்கள் பண்ணை சால்மனைக் கொண்டுபோய் விற்ற பிறகுதான் அது சுஷியில் ஏறியது. பண்ணையில் தீவனம் தின்று வளர்வதால் புழு ஆபத்து குறைவு. நல்ல கடையில், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நான் தடை சொல்லமாட்டேன். ஆனால் இதைப் பார்த்துவிட்டு வீட்டில் சந்தை மீனை வாங்கிப் பச்சையாக நறுக்கித் தர யாரும் கிளம்ப வேண்டாம். ஆற்று மீன், குளத்து மீன் என்றால் கேட்கவே வேண்டாம். 2015-ல் சிங்கப்பூரில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் பச்சை நன்னீர் மீனால் பலருக்குக் கடுமையான பாக்டீரியா தொற்று வந்தது. அந்த வருடக் கடைசியில் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறவே அங்கே தடை வந்தது.

சரி, எப்படிக் கேட்பது? முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். சமையலறைக்குக் கோபம் வருவது கேள்வியால் இல்லை, நேரம் கெட்ட நேரத்தில் வருகிற கேள்வியால். மேசை நிறைந்து ஆர்டர் சீட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போது "இதில் டாஷி இருக்கா பாருங்க" என்று பரிமாறுகிற பையன் ஓடி வந்தால், உள்ளே இருப்பவர் தலையைக்கூடத் தூக்காமல் "இல்லை" என்று சொல்லிவிடும் அபாயம் உண்டு. பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. கேள்வி காதில் சரியாக விழுந்திருக்காது. மதியச் சாப்பாடு முடிந்து இரவுக்கு ஆயத்தம் செய்கிற 3 மணியிலிருந்து 5 மணிக்குள் கூப்பிடுங்கள், இரண்டு நாள் முன்னால் என்றால் இன்னும் நல்லது. தொலைபேசி எடுப்பவர் பகுதிநேர மாணவராக இருக்கலாம், அதனால் சமையலறையில் இருப்பவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். இப்போது கோலாலம்பூரில் பல ஜப்பானியச் சமையலறைகளில் வேலை செய்வது நம் ஊர்க்காரர்களும் மியன்மார், நேப்பாள், இந்தோனேசியச் சகோதரர்களும்தான். மலாயில் பேசினால் போதும்.

பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பிவிடுங்கள். "சைவம்" என்று ஒரே சொல்லோடு நிறுத்தாதீர்கள். பலருக்குச் சைவம் என்றால் இறைச்சித் துண்டு கண்ணில் படாமல் இருந்தால் போதும். மீன் சீவல் கூடாது, டாஷிப் பொடி கூடாது, இறால் கோழி முட்டை கூடாது, எண்ணெய் புதிது வேண்டும், கொன்புவும் காளானும் பரவாயில்லை என்று பெயர் பெயராக எழுதுங்கள். அதை அச்சடித்து ஆர்டர் பலகையில் ஒட்டிவைக்கிற சமையலறைகளைப் பார்த்திருக்கிறேன். கூடுதல் செலவு ஏதும் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள், அதில் வெட்கமில்லை. 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு வரியும் போடுகிற கடையானால் 100 வெள்ளிச் சாப்பாடு சுமார் 116 வெள்ளியாக வரும். எட்டுப் பேர் போகும்போது அந்தக் கணக்கு முக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால், தாழ்ந்த மேசை போட்ட அறை வேண்டாம், நாற்காலி மேசை வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். குச்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது ஜப்பானிலும் முறைதான். சோற்றுக் கிண்ணத்தில் குச்சியை நட்டுவைக்க வேண்டாம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அது அவர்கள் ஊரில் இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.

ஒருவேளை நீங்கள் சொல்லும் கடை, சமையல்காரரே தேர்ந்தெடுத்து வரிசையாகத் தருகிற ஒமாக்காசே வகையாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே அன்றைய மீனை வைத்துத்தான் மொத்தச் சாப்பாடும். "மீன் இல்லாமல் முடியாது" என்று அவர் சொன்னால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நேர்மையான பதில் அது. அப்படியானால் பிறந்தநாளை வேறு இடத்தில் வைத்துவிட்டு, அந்தக் கடைக்கு நீங்களும் கணவரும் பிரசவத்துக்குப் பிறகு போங்கள்.

சின்னக் கடையாக இருந்தால் அநேகமாக ஒப்புக்கொள்வார்கள். மாதாமாதம் வருகிற குடும்பத்தை யாரும் இழக்க விரும்பமாட்டார்கள். ஆனால் வருகிற பதிலைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். நீங்கள் அனுப்பிய அடுத்த நிமிடமே "பிரச்சினை இல்லை, சைவம் உண்டு, வாங்க" என்று வந்தால் நான் நம்பமாட்டேன். மறுபடி கூப்பிட்டு, மீசோ சூப்பில் என்ன சாறு என்று மட்டும் கேட்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "பால், வெண்ணெய் பரவாயில்லையா? பூண்டு வெங்காயம் சாப்பிடுவாரா? மிரின் ஆகுமா?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், உள்ளே யாரோ நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்திருக்கிறார். அந்தக் கடையில் தாராளமாக மேசை பதிவு செய்யுங்கள், ஆறு மணிக்கு.